தாளம் கடக்கும் தூரம்

2009 ஏப்ரல் மாத இறுதியில் 'சாங்ஸ் அரௌண்ட் த வேர்ல்ட்' என்ற ஆல்பம் அமெரிக்காவில் வெளியாகி, பில்போர்டு 200 பட்டியலில் நேராகப் பத்தாம் இடத்தில் போய் நின்றது. 'ப்ளேயிங் ஃபார் சேஞ்ச்' என்ற குழுவின் வெளியீடு அது. ஊர் ஊராகச் சுற்றிப் பதிவு செய்த பாடல்களை அவர்கள் தொகுப்பாகக் கொண்டுவந்தது அதுவே முதல்முறை. புகழ்பெற்ற பாடகர்கள் சிலர் அதில் உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் தெருவில் பாடிப் பிழைப்பவர்கள், தென்னாப்பிரிக்கக் குடியிருப்புகளின் பாடகர் குழுக்கள், பழங்குடி மேளக்காரர்கள். ஒரே பாட்டில் அடுத்தடுத்த வரிகளைப் பாடிய பலர் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

பாடல்களின் பட்டியலே குழுவின் நோக்கத்தைச் சொல்லிவிடும். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டக் காலத்தில், 1964-இல், சாம் குக் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்'. 1977-இல் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் பிடியில் உயிரிழந்த ஸ்டீவ் பிகோவை நினைத்து பீட்டர் கேப்ரியல் எழுதிய 'பிகோ'. வறுமையைப் பற்றிய ட்ரேசி சாப்மனின் 'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்'. 1963-இல் ஐக்கிய நாடுகள் அவையில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி ஆற்றிய உரையிலிருந்து பிறந்த, பாப் மார்லியின் 'வார்'. நிறவெறி, பசி, போர் ஆகியவற்றைப் பற்றிய பாட்டுகளை அவற்றை நேரில் அறிந்தவர்களின் குரலிலேயே கேட்கவைக்க வேண்டும் என்று குழு விரும்பியது. அப்படிப்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி ஒரே ஸ்டூடியோவுக்குக் கூட்டிவர விசாவும் கிடைக்காது, பணமும் இருக்காது. ஆகவே ஸ்டூடியோவே அவர்களைத் தேடிப் போனது.

கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு நடைவீதி. 2005-இல் ரோஜர் ரிட்லி என்ற தெருப் பாடகர் அங்கே கிதாரோடு 'ஸ்டாண்ட் பை மீ' பாடுவதை ஒலிப்பதிவாளர் மார்க் ஜான்சன் கேட்டார். மறுபடியும் கருவிகளோடு வந்து அதே இடத்தில் பதிவு செய்தார். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போனார். அங்கே தெருவில் மௌத் ஆர்கன் வாசித்துப் பாடிவந்த கிராண்ட்பா எலியட்டின் காதில் ஹெட்போனை மாட்டி, ரிட்லியின் குரலைக் கேட்டபடியே பாடச் சொன்னார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் கிளாரன்ஸ் பெக்கர், நியூ மெக்சிகோவின் சூனி பழங்குடியினரின் மேளக்குழு, ரியோ டி ஜெனீரோ, மாஸ்கோ, பிசா, தென்னாப்பிரிக்காவின் குகுலேத்து, உம்லாசி என்று பாட்டு ஊர் ஊராகப் போய் அடுக்கடுக்காக வளர்ந்தது. 2008 நவம்பரில் அதன் காணொளி இணையத்தில் ஏறியது, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

இணையம் இருந்த காலம்தானே, ஏன் இத்தனை அலைச்சல்? எல்லோரையும் ஒரே நேரத்தில் கம்பிவழி இணைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடவைத்திருக்கலாமே என்று தோன்றும். பணத்தையும் கருவிகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது முடியாது. இயற்பியல் விடாது.

மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது காலம் எவ்வளவு நுணுக்கமாகப் பங்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இருபது டிகிரி வெப்பநிலையில் காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கச்சேரி மேடையில் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் தட்டு, பாடகரை நாலரை மில்லிநொடி தாமதமாகத்தான் அடைகிறது. ஒரு பெரிய சிம்ஃபனி மேடையின் இந்தக் கோடியில் இருப்பவரும் அந்தக் கோடியில் இருப்பவரும் ஐம்பது மில்லிநொடி இடைவெளியில்கூட இருக்கலாம். அவர்கள் காதை நம்புவதைவிட நடத்துநரின் கையை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கை அசைவு ஒளியின் வேகத்தில் வருகிறது.

எத்தனை மில்லிநொடி தாமதத்தை இசைப்பவர்கள் தாங்குவார்கள்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்ற இசையமைப்பாளரும் அவருடைய சகாக்களும் இதை மிக எளிய வழியில் சோதித்தார்கள். இருவரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டலை மற்றவர் ஹெட்போனில் கேட்கும்படி செய்து, பின்னிப் பின்னி வரும் ஒரு தாளத்தைத் தட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இருவருக்கும் இடையிலான தாமதத்தை மாற்றினார்கள். 2010-இல் வெளியான முடிவுகள் எதிர்பார்த்ததைவிடச் சுவையானவை.

தாமதம் பத்து மில்லிநொடிக்குக் கீழே இருந்தபோது தாளம் வேகமெடுத்தது. சுமார் 10 முதல் 21 வரை இயல்பாக, நிலையாக ஓடியது. 25-ஐத் தாண்டியதும் மெல்ல மெல்லத் தொய்ந்தது. 60-க்கு மேல் போனதும் சிதறியது.

தொய்வு ஏன் வருகிறது என்பது விளங்கும். அவர் தட்டியது எனக்குப் பிந்தி வந்து சேர்கிறது, அவர் பின்தங்குகிறார் என்று நினைத்து நான் சற்றுக் காத்திருக்கிறேன், என் தட்டும் அவருக்குப் பிந்தித்தான் போகிறது, அவரும் காத்திருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே பாட்டைத் தூங்கவைத்துவிடுகிறார்கள். வேகமெடுப்பதுதான் ஆச்சரியம். தாமதமே இல்லாவிட்டால் மனிதக் கைகள் முந்துகின்றன. மெட்ரோனோமுக்கு ஏற்பத் தட்டச் சொன்னாலும் பெரும்பாலானோர் அதன் ஒலிக்குச் சில பத்து மில்லிநொடி முன்பே தட்டிவிடுவார்கள் என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். அடுத்த தட்டு எப்போது என்று மூளை முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்பிவிடுகிறது. சிறிய தாமதம் அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிறது. பத்து முதல் இருபத்தொரு மில்லிநொடி என்பதைக் காற்றில் அளந்தால் மூன்றரை மீட்டர் முதல் ஏழு மீட்டர் வரை வரும். ஒரு நடுத்தர அறையில் எதிரெதிரே உட்காரும் தூரம் அது. நம் தாள உணர்வு அத்தகைய தூரத்துக்குப் பழகிப்போனது என்று நினைக்கவே தோன்றுகிறது, அதை நிரூபிப்பது வேறு விஷயம் என்றாலும்.

இப்போது லாஸ் ஏஞ்சலிஸையும் கேப் டவுனையும் எடுத்துக்கொள்வோம். இடையே சுமார் 16,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகிறது: நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர். பூமியின் மேல் நேர்கோடு போட்டது போலக் கேபிள் இருந்தாலும் ஒருவழிப் பயணத்துக்கே 80 மில்லிநொடி ஆகும். நிஜத்தில் கேபிள் கடலடியில் வளைந்து வளைந்து போகிறது, வழியில் எத்தனையோ ரவுட்டர்கள் நிற்கின்றன. கணினியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது. ஒலியை அது துளித்துளியாக உடனுக்குடன் அனுப்புவதில்லை. ஒரு கைப்பிடி மாதிரிகளைச் சேர்த்துக் கட்டாக அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கருவி, 256 மாதிரிகளை ஒரு கட்டாக வைத்தால், கட்டு நிறையவே 5.3 மில்லிநொடி வேண்டும். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை. எல்லாம் சேர்த்தால் கைதட்டல் சோதனை சிதறிப்போன எல்லையை எப்போதோ தாண்டிவிடுவோம். இணைய வேகத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்த 80 குறையாது. அதிக வேகம் என்று நாம் வாங்குவது அதிகத் தகவலைத்தான்; ஒளியை யாரும் விரைவாக ஓடவைக்கவில்லை.

ஆக, தொலைவில் இருப்பவர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் வாசிப்பது என்ற எண்ணத்தைத்தான்.

அந்த விட்டுக்கொடுப்பு இணையத்தைவிடப் பழையது. 1941 ஏப்ரலில் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே ஒரே பாட்டுக்கு க்ளாரினெட், இரண்டு வகை சாக்ஸபோன், பியானோ, பேஸ், ட்ரம்ஸ் என ஆறு வாத்தியங்களைத் தானே வாசித்தார். ஒன்றைத் தட்டில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, அதன்மேல் அடுத்ததை வாசித்து, இரண்டையும் சேர்த்துப் புதிய தட்டில் பதிவு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், முதலில் வாசித்தது மங்கிக்கொண்டே போகும். 1948-இல் கிதார் கலைஞர் லெஸ் பால் இதே தட்டு முறையில் எட்டு கிதார்களை அடுக்கி 'லவர்' பாட்டை வெளியிட்டார். பிறகு காந்த நாடா வந்தது. அதோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது.

நாடா இயந்திரத்தில் பதிவு செய்யும் தலை ஓரிடத்தில் இருக்கும், பதிந்ததைப் படிக்கும் தலை சற்றுத் தள்ளி இருக்கும். நாடா நொடிக்கு 38 செண்டிமீட்டர் ஓடுகிறது, இரு தலைகளுக்கும் இடையே 4 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பழைய ட்ராக்கைப் படிக்கும் தலை வழியே கேட்டு, அதற்கேற்பப் புதிதாக வாசித்தால், புதியது நாடாவில் நூறு மில்லிநொடிக்கு மேல் விலகி உட்காரும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராஸ் ஸ்னைடர் 1955 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார். பதிவுத் தலையும் அடிப்படையில் ஒரு காந்தச் சுருள்தான். அதையே பழைய ட்ராக்குகளைப் படிக்கவும் பயன்படுத்தினால்? பழையதும் புதியதும் நாடாவின் ஒரே குறுக்குக் கோட்டில் விழும். தரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஹெட்போனில் கேட்டு வாசிக்க அது போதும். 'செல்-சிங்க்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த வசதியோடு வந்த முதல் எட்டு ட்ராக் இயந்திரத்தை 1957-இல் பத்தாயிரம் டாலர் கொடுத்து வாங்கியவர் லெஸ் பால். இன்று பலர் தனித்தனியே வாசித்து ஒன்றாகச் சேரும் எல்லாப் பதிவுகளும் அந்தச் சிறு யோசனைக்குக் கடன்பட்டவை. இசையின் வரலாற்றில் மேதைகளின் பெயர்கள் நிறைய நினைவில் நிற்கின்றன. ஸ்னைடரின் பெயரும் நிற்க வேண்டும்.

ஜான்சனின் நடமாடும் ஸ்டூடியோ செய்ததும் இதைத்தான். நாடாவுக்குப் பதில் ஹார்டு டிஸ்க். கணினியில் தலைகளுக்கு இடையிலான தூரம் என்று எதுவும் இல்லை, ஆனால் முன்னே சொன்ன மாதிரிக் கட்டுகளின் தாமதம் அதே வேலையைக் கெடுக்கும். ரிட்லியின் கிதார் கணினியிலிருந்து ஹெட்போனுக்கு வரச் சில மில்லிநொடி, பாடகரின் குரல் மைக்கிலிருந்து டிஸ்குக்குப் போகச் சில மில்லிநொடி. பதிவு மென்பொருள் இந்த மொத்தத் தாமதத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, புதிய ட்ராக்கை அதே அளவு முன்னுக்கு இழுத்து வைத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. ஒவ்வொரு டிஜிட்டல் கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரி என்று எண்ணிக்கொடுப்பது அதன் துடிப்புதான். எந்த இரண்டு படிகமும் முற்றிலும் ஒத்துத் துடிப்பதில்லை. சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வரை பிழை இருக்கலாம். கேட்க அற்பமாகத் தோன்றும். நான்கு நிமிடப் பாட்டில் கணக்குப் போட்டால் 12 மில்லிநொடி. ஒரு கருவி அந்த அளவு வேகமாகவும் இன்னொன்று அந்த அளவு மெதுவாகவும் ஓடினால் 24. பாட்டின் தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய இரு பதிவுகள் கடைசிச் சரணத்தில் காதுக்குத் தெரியும்படி விலகிவிடும். ஒருவர் போனில் பாட்டை ஓடவிட்டு, வேறொரு ரெகார்டரில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினால் நேர்வது இதுதான்.

வழிகாட்டும் ட்ராக்கை ஓடவிடுவதும் புதிய குரலைப் பதிவதும் ஒரே கருவியாக இருந்தால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்கிறது. அந்தக் கருவியின் படிகம் மெதுவாக ஓடினால் ரிட்லியின் பாட்டும் அதே விகிதத்தில் மெதுவாக ஓடும், எலியட்டும் அதே விகிதத்தில் மெதுவாகப் பாடுவார். பிழை இரு பக்கமும் ஒரே அளவில் விழுந்து கழிந்துபோகும். நியூ ஆர்லியன்ஸில் ஒரு படிகம், பிசாவில் வேறொன்று என்று எத்தனை மாறினாலும் மாதிரி எண்ணிக்கையில் எல்லாம் ஒரே கணக்கில் நிற்கும். ஊர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகத் தேவையில்லை. எல்லோரும் முதல் பதிவையே கடிகாரமாகக் கொண்டால் போதும்.

அந்த முதல் பதிவு யாருடையது என்பதில்தான் இந்த ஆல்பத்தின் அறம் இருக்கிறது.

சேர்ந்து வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் திருத்திக்கொள்கிறார்கள் என்பதை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆலன் விங்கும் சகாக்களும் இரண்டு புகழ்பெற்ற தந்தி நால்வர் குழுக்களிடம் அளந்தார்கள். 2014-இல் வந்த ஆய்வு அது. இசையமைப்பாளர் ஹேடனின் படைப்பு ஒன்றின் ஒரு பகுதியை இரு குழுக்களும் திரும்பத் திரும்ப வாசித்தன. ஒவ்வொரு ஸ்வரமும் எந்த மில்லிநொடியில் தொடங்கியது, அடுத்த ஸ்வரத்தில் யார் யாருக்காகத் தன்னை நகர்த்திக்கொண்டார் என்று கணக்கிட்டார்கள். ஒரு குழுவில் நால்வரும் ஏறத்தாழ ஒரே அளவு விட்டுக்கொடுத்தார்கள். மற்றதில் முதல் வயலின்காரர் பிறருக்காக அதிகம் நகரவில்லை. மற்றவர்கள்தான் அவரை ஒட்டி நகர்ந்தார்கள். குழுவுக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது மில்லிநொடிகளில் தெரிந்துவிட்டது.

அடுக்கிப் பதியும் முறையில் இந்த ஏற்றத்தாழ்வு முழுமையானது. முதலில் பதிந்தவர் யாருக்காகவும் நகர முடியாது. அவர் ஒரு வரியை இழுத்துப் பாடியிருந்தால் பின்னால் வரும் எல்லோரும் இழுக்க வேண்டும், ஓரிடத்தில் முந்தியிருந்தால் எல்லோரும் முந்த வேண்டும். வணிக ஸ்டூடியோக்களில் இந்த இடம் பெரும்பாலும் க்ளிக்குக்கு, அதாவது இயந்திரத் தாளத்துக்குப் போகும். 'ஸ்டாண்ட் பை மீ'யில் அது நடைவீதியில் நின்று பாடிய ஒரு தெருப் பாடகருக்குப் போனது. மாஸ்கோவின் செல்லோவும் சூனி மேளமும் ஐரோப்பாவின் தேர்ந்த கலைஞர்களும் அவர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டார்கள். ரிட்லி 2005-ஆம் ஆண்டின் இறுதியிலேயே காலமானார். காணொளியை உலகம் பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை. தாளத்தை இன்னும் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். சமத்துவத்தைப் பாடும் ஓர் ஆல்பத்தில், ஏழையைப் பின்னணிக் கோரஸில் நிறுத்தாமல் காலத்தின் எஜமானாக நிறுத்தியது சரியான தேர்வு. பாடல் வரிகளைவிட அழுத்தமாக ஆல்பத்தின் கட்டுமானமே அதைச் சொல்கிறது.

கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. பின்னால் வந்த சாக்ஸபோன் ஒரு அழகான திருப்பம் போட்டாலும், அதைக் கேட்டு ரிட்லி ஒரு கணம் நின்று மகிழ முடியாது. நம் கச்சேரிகளில் பாடகர் ஒரு சங்கதி போட, வயலின் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க, பாடகர் 'பேஷ்' சொல்லி இன்னொன்று போடுகிறாரே, அந்தப் போக்குவரத்து இந்த முறையில் கிடையாது. எல்லா வழியும் ஒருவழிதான். அதனால்தான் இப்படிப் பதிவாகும் பாட்டுகள் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த, சீரான நடை கொண்ட, திரும்பத் திரும்ப வரும் அமைப்புள்ள பாட்டுகளாக இருக்கின்றன. 'ஸ்டாண்ட் பை மீ'யில் ஒரே நான்கு கோர்டுகள் முதலிலிருந்து கடைசி வரை அதே வரிசையில் சுழல்கின்றன. யார் எங்கே நுழைந்தாலும் இடறாது.

தாளம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, சுருதியும் சேர வேண்டும். இங்கே குறுக்கிடுவது வெப்பநிலை. காற்று சூடாக ஆக ஒலியின் வேகம் கூடுகிறது, டிகிரிக்கு நொடியில் 0.6 மீட்டர். குழல் வாத்தியத்தின் நீளம் மாறாததால் அதன் சுருதி ஏறுகிறது. பத்து டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வாசிப்பவரின் மூச்சுச் சூடு இதை ஓரளவு சமன்செய்யும், ஆனாலும் வெயிலில் வாசித்த குழலும் குளிரில் வாசித்த குழலும் தாமாகச் சேர்ந்துவிடாது. மனிதக் குரலுக்கும் வயலின், செல்லோவுக்கும் பிரச்சினை இல்லை; ஹெட்போனில் கேட்கும் சுருதிக்கு அந்தக் கணமே வளைந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ரிட்லியின் கிதாருக்குத்தான் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தின் ஒலி இன்னொன்று. தெருவில் எதிரொலி குறைவு, இரைச்சல் அதிகம். மைக்கை வாய்க்கு 20 செண்டிமீட்டரில் வைப்பதற்கும் 2 மீட்டரில் வைப்பதற்கும் 20 டெசிபல் வித்தியாசம். ஆகவே திறந்தவெளியில் மைக் முகத்தருகே வந்துவிடுகிறது, பக்கத்துத் தெருப் பேருந்து பின்னால் தங்கிவிடுகிறது. கடைசியில் மிக்சிங்கில் எல்லாக் குரல்களுக்கும் கொஞ்சம் பொதுவான செயற்கை எதிரொலி சேர்ப்பார்கள். 1947-இல் சிகாகோவின் பில் புட்னம், ஸ்டூடியோவின் குளியலறையையே எதிரொலி அறையாக்கி ஹார்மோனிகா குழு ஒன்றின் பாட்டுக்குச் சேர்த்த காலத்திலிருந்து வரும் உத்தி. ஒரே எதிரொலியில் நனைந்த குரல்கள் ஒரே அறையில் நிற்பதாக மூளை நம்பிவிடுகிறது.

தொலைவுப் பதிவுக்கு வேறு வடிவங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஜிம்மி டாம்பரெல்லோவும் சியாட்டிலில் இருந்த பென் கிப்பர்டும் டிஜிட்டல் நாடாக்களைத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பி உருவாக்கிய ஆல்பம் 'கிவ் அப்' 2003-இல் வந்தது. குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரே 'த போஸ்டல் சர்வீஸ்'. அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் பெயருக்கு ஆட்சேபம் தெரிவித்து, பிறகு சமாதானமாகிப் பெயரைப் பயன்படுத்த அனுமதித்தது. அது காதலும் தனிமையும் பேசும் ஆல்பம், சமூகக் குரல் அதில் தேட வேண்டியதில்லை. தமிழில் இளையராஜாவின் 'திருவாசகம்' 2005-இல் வந்தபோது, அதன் வாத்திய இசையை புடாபெஸ்ட் சிம்ஃபனி இசைக்குழு ஹங்கேரியில் வாசித்திருந்தது. 2010-இல் எரிக் விட்டேகர் 12 நாடுகளின் 185 பாடகர்களை அவரவர் வீட்டிலிருந்தே பாடவைத்து ஒரு கோரஸாக்கினார். பெருந்தொற்று ஆண்டான 2020-இல் அதே வழியில் அவர் சேர்த்தது 129 நாடுகளின் 17,572 குரல்கள். இத்தனை பேர் சேரும்போது ஒவ்வொருவரின் சிறு பிசகும் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில், சேர்ந்தே வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் வேறு கதவுகளைத் தட்டினார்கள். சேஃபின் ஆய்வகத்தில் பிறந்த 'ஜாக்ட்ரிப்' மென்பொருள் ஒலியைச் சுருக்காமல், கட்டுகளைச் சிறிதாக்கி, கூடியவரை நேராக அனுப்புகிறது. வைஃபையைக் கழற்றிவிட்டுக் கம்பி இணைப்பு போட்டுக்கொண்டால் சில நூறு கிலோமீட்டர் வரை தாங்கும். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே கண்ணாடி இழையின் தாமதம் மட்டும் மூன்று மில்லிநொடிக்குள் அடங்கிவிடக்கூடியது. கண்டம் தாண்டினால் அது உதவாது. வினாம்ப் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் 2005-இல் வெளியிட்ட 'நிஞ்சாம்' எதிர்த் திசையில் போனது. தாமதத்தைக் குறைக்கப் பாடுபடாமல், அதை ஒரு முழு ஆவர்த்தன அளவுக்கு நீட்டிவிட்டது. மற்றவர்கள் வாசித்தது ஒரு சுற்று கழித்துச் சரியாகச் சமத்தில் வந்து சேரும். ஒவ்வொருவரும் மற்றவரின் கடந்த சுற்றோடு வாசிக்கிறார்கள். சுழலும் தாளம் கொண்ட இசைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. கீர்த்தனை போல முன்னேறிச் செல்லும் இசைக்குப் பொருந்தாது.

ப்ளேயிங் ஃபார் சேஞ்ச் ஆல்பத்துக்குத் திரும்பினால், அதன் ஒன்பதாவது பாட்டில் இதுவரை சொன்ன எதுவும் செல்லாத ஓர் இடம் இருக்கிறது. 'லவ் ரெஸ்க்யூ மீ' பாடியது வட அயர்லாந்தின் ஓமா ஊர் இளைஞர் கோரஸ். 1998 ஆகஸ்டில் அந்த ஊரில் வெடித்த கார் குண்டு 29 பேரைக் கொன்றது. அதன் பிறகு கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கப்பட்ட குழு அது. இவர்களைத் தனித்தனி அறையில் பாடவைத்து மென்பொருளில் சேர்ப்பது தொழில்நுட்பத்துக்குச் சுலபம். ஆனால் பக்கத்துத் தெருவில் இருந்தும் ஒன்றாக நிற்காதவர்களை ஒன்றாக நிற்கவைப்பதற்காகவே ஏற்பட்ட குழு அது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு, ஒருவருக்காக மற்றவர் சில மில்லிநொடி நகர்ந்து கொடுப்பதே அங்கே பயிற்சி. கண்டங்களுக்கு இடையே விட்டுக்கொடுக்கலாம் என்று சொன்ன அந்த ஒரே நேரம், இந்த ஊரில் விட்டுக்கொடுக்க முடியாதது.

குழுவினரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். தனித்தனி ஊர்களில் பதிவான கலைஞர்கள் சிலரைச் சேர்த்து ஒரு மேடைக்குழு அமைத்தார்கள்; 2009-இல் அது அமெரிக்காவில் சுற்றி வந்தது. எலியட்டும் பெக்கரும் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துப் பாட முடிந்தது, ஒருவர் இழுத்தால் மற்றவர் பொறுக்க முடிந்தது. 2007-இல் தொடங்கிய அவர்களுடைய அறக்கட்டளை தன் முதல் இசைப் பள்ளியை, 'ஸ்டாண்ட் பை மீ'க்கு பேஸ் வாசித்தவரின் ஊரான குகுலேத்துவில் கட்டியது. கேப் டவுனின் வெளிவிளிம்பில், நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகரத்திலிருந்து பிரித்துக் குடியமர்த்திய இடம் அது. ந்டோங்கா என்ற அந்தப் பள்ளி 2009-இல் திறக்கப்பட்டது. உலகம் சுற்றிக் குரல்களைச் சேர்த்தவர்கள், தெருவில் வளரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முதலில் தேர்ந்தெடுத்தது ஹெட்போனை அல்ல, வகுப்பறையை. ஆறு மீட்டர் அகல அறையின் ஒரு சுவரோரம் தட்டும் மேளம் மறு சுவரோரம் நிற்கும் பிள்ளையை அடைய 17 மில்லிநொடி ஆகும். கைதட்டல் சோதனையில் தாளம் நிலையாக ஓடிய எல்லைக்குள் வரும் தாமதம்.